நான்காம் வரி

சனி இரவு இரண்டு பதினெட்டுக்குத்
தலைமாட்டில் பேஜர் அலறியது.
திங்கள் காலை எட்டரைக்கு
நகரசபை இரண்டாம் மாடியில்
அதே விபத்துக்கு நான் பில் அடிக்கிறேன்.

ஸ்வேபிய மலையடிவாரத்துச் சின்ன ஊர், ஆளுக்கு இரண்டு வேலை.
ரொட்டிக்கடை எக்கார்ட் எங்கள் தீயணைப்புத் தலைவர்.
ஏணி வண்டி ஓட்டுபவள் பல் வைத்தியரின் உதவியாள்.
நான் பகலில் கணக்குப் பிரிவு.
அப்பாவின் பெயர் கதிர்காமத்தம்பி,
ஹெல்மெட்டில் கொள்ளாமல் 'கதிர்கா' என்று நின்றுவிட்டது.
அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

சபை நிறைவேற்றிய விதிகள் பதினொரு பக்கம்.
ஹைட்ரண்ட் மூடியின்மேல் கார் நிறுத்தினால் அபராதம்
(ரெண்டே நிமிஷம் என்றார் ஒருவர், கையில் பன் பையுடன்;
எதிர்ச் சாரியில் கோழிக்கொட்டகை எரிந்துகொண்டிருந்தது).
பொய் அலாரம் மூன்றாம் முறையானால் முழுக் கட்டணம்.
எண்ணெய் சிந்தியவர் எண்ணெய்க்குத் தர வேண்டும்.
மனித உயிரை மீட்பதற்கு ஒரு சதமும் இல்லை.
இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியவர் யாரோ,
கண்டால் ஒரு கோப்பி வாங்கிக் கொடுப்பேன்.

மரஆலைக்குத் திரும்பும் வளைவு.
சாம்பல் வேன் ஒன்று மரத்தில் ஏறி நின்றது.
உள்ளே ஹார்ட்விக் மாய்ஷ், கூரை வேய்கிறவர்.
இயந்திரக் கத்தரி கதவைத் தின்ற இருபத்தாறு நிமிடமும்
பின்னால் முழந்தாளிட்டு
அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.
ஆட்டாதேங்கோ, தலையை ஆட்டாதேங்கோ என்று
எந்த மொழியில் சொன்னேனோ.
அவர் கேட்டது ஒன்றுதான்:
பின்னால் இருக்கிற ஓடுகள் உடைந்துவிட்டனவா?
இல்லை என்றேன்.
என் முழங்காலுக்குக் கீழே
எல்லாம் தூளாய்க் கிடந்தன.

இப்போது திரையில் கட்டம் கட்டமாக நிரப்புகிறேன்.
வரி ஒன்று: தண்ணீர் லாரி, ஒன்றரை மணி.
வரி இரண்டு: எண்ணெய் உறிஞ்சும் தூள், ஏழு மூட்டை.
வரி மூன்று: ஆட்கள் ஒன்பது பேர், சாலை துடைத்த நேரம் மட்டும்,
அரை மணிக்குக் குறைந்தால் அரை மணியாகக் கொள்க.
வரி நான்கு: உயிர் மீட்பு.
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம்.

மென்பொருள் பூஜ்ய வரிகளைத் தானே விழுங்கிவிடும்.
காசில்லாதது பில்லில் வரக் கூடாதாம்.
முதல் அச்சில் மூன்றே வரி,
நாங்கள் அந்த இரவில்
எண்ணெய் துடைக்கத்தான் போனோம் என்பதுபோல.

பெறுநர்: ஹில்ட்ரூன் மாய்ஷ்.
உறவு: மனைவி.

இதில் எனக்கு வெட்கமில்லை, சொல்லிவிடுகிறேன்.
தூளின் விலை ஏறிவிட்டது.
பழைய பம்ப் தண்ணீரோடு காற்றையும் இறைக்கிறது.
அவர் வேய்ந்த கூரைகளே நாளைக்கு எரியலாம்.
ஒன்பதாம் பிரிவின்படி கஷ்டப்படுவோர் விலக்குக் கேட்கலாம்;
படிவத்தை உள்ளே வைத்தேன்.
இன்ஷூரன்ஸ் எண் எழுதும் கட்டத்தருகே
பென்சிலால் ஓர் அம்பு.

பிறகு ஸ்டுட்கார்ட் உதவி எண்ணுக்கு அடித்து
நாற்பது நிமிடம் பியானோ கேட்டு
அந்தப் பூஜ்யத்தை அச்சில் வரவைத்தேன்.
ஏன் என்று கேட்டான் பையன்.
தமிழில் வரி என்றால் அரசுக்குக் கட்டுவதும்தான்,
ஒருவர் வாசிக்க எழுதுவதும்தான்.
அதை அவனுக்கு எப்படி விளக்குவது?
கணக்குச் சரியாக வரவேண்டும் என்றேன்.

உறையை ஒட்டும்போதுதான் பார்த்தேன்,
நகக்கண்களில் இன்னும் அந்தத் தூள்.
ஏழு மூட்டை என்று எழுதியிருக்கிறேன்.
உண்மையில்
ஏழுக்குச் சற்றுக் குறைவு.